துவைக்கக் கூடாத ஸ்வெட்டர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. கறிக்கடை வரிசையில் கிடைத்தது.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, அரைக் கிலோ ஆட்டுக்கறிக்காக நின்றுகொண்டிருந்தேன். தராசுக்கு அந்தப் பக்கம் இருந்த நெரிடா பிராமிச், கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"தேவ், நீ ஏதோ கதை எழுதுவியாமே? சர்ச்சுல பேசிக்கிட்டாங்க."

"ஏதோ எழுதுவேன்."

"எங்க வீட்டுப் பூனைங்க கதைய எழுதேன். ஆனா என்னைய மட்டும் அசடாக் காட்டுனே, அடுத்த வாரத்துலேர்ந்து உனக்கு வெறும் எலும்புதான்."

"சரி."

"இன்னொண்ணு. முடிவுல கை வைக்காத. உனக்கு எதையும் நல்லபடியா முடிக்கத்தான் தெரியும். ஒருத்தனும் நம்ப மாட்டான்."

பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நான் கறியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். முடிவைத் தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேனா இல்லையா என்பது எனக்கே நினைவில்லை. கொடுத்ததாகவே வைத்துக்கொள்வோம். வாக்கு கொடுத்தவனாக எழுதினால் கை கொஞ்சம் ஒழுங்காக இருக்கும்.

2

இதற்கு மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: "ஆகஸ்ட் மாதத்து மழையில், ஒற்றைக் கண் கொண்ட சாம்பல் நிறப் பூனையொன்று உலகத்தில் தனக்கென ஓர் இடம் தேடி…" [வேண்டாம். அந்தப் பூனை எதையும் தேடவில்லை. கூடைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.]

இரண்டாவது: "ஒரு வீட்டுக்குள் புதிதாக ஒருவர் நுழையும்போது, ஏற்கெனவே இருப்பவர்கள் எதை இழக்கிறார்கள் என்பதை நாம்…" [இதைப் படித்த என் மனைவி, "பிரசங்கமா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.]

மூன்றாவது இது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

லைல் டார்கெட் பூனைக்கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு நெரிடாவின் வாசலில் நின்றான். முப்பது வருடமாகப் பால் டேங்கர் ஓட்டுகிறவன். இருபதாயிரம் லிட்டர் பாலோடு மலை இறங்கத் தயங்காதவன், நாலு கிலோப் பூனையோடு வாசற்படி ஏறத் தயங்கினான்.*

"மழையில ஏன் நிக்கிற? உள்ள வா," என்றாள் நெரிடா.

"உன் பூனைங்க எங்க?"

"படுக்கையறையில அடைச்சு வச்சிருக்கேன். நீ நேரா அந்தச் சின்ன ரூமுக்குப் போ. எதையும் தொடாத, எதையும் பாக்காத. சாமான் எடுக்க வந்த திருடன் மாதிரி போ."

லைலுக்கு அறுபத்தொரு வயது. மனைவி இறந்து பத்து வருடம். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலக் காலையில், டேங்கரின் என்ஜினுக்குப் பக்கத்தில் சூட்டுக்காகச் சுருண்டு கிடந்த குட்டி ஒன்றை அவன் எடுத்து வளர்த்தான். ஒரு கண் ஏற்கெனவே போயிருந்தது. உடம்பெல்லாம் எண்ணெய். டீசல் என்று பேர் வைத்தான். அன்று முதல் இரவுச் சாப்பாடு இரண்டு பேருக்கு.

நெரிடாவுக்கு ஐம்பத்தேழு. கணவன் மெல்பர்ன் போய்விட்டுத் திரும்பி வராதவன். அவள் வீட்டில் இரண்டு ஆண் பூனைகள், ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பழுப்பு நிறத்தில் பருத்திருப்பது கிரேவி. வெள்ளையாய் மீசை முறுக்கினாற்போல் இருப்பது மட்டன். கறிக்கடைக்காரி வேறு என்ன பேர் வைப்பாள்?

லைலும் நெரிடாவும் கல்யாணம் செய்துகொள்ள நினைத்தார்கள். லைல் வாடகைக்கு இருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் காலி செய்ய வேண்டும். எங்கள் ஊரில் வேறு வாடகை வீடே இல்லை. பூனையோடு சேர்த்துக்கொள்ளும் வீடு ஒன்று குயின்ஸ்டவுனில் இருந்தது. இரண்டரை மணி நேரப் பயணம், நடுவில் முழுக்க மலை. அங்கே போனால் வேலையையும் அங்கேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நெரிடா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"உனக்காக என் பூனைங்கள்ல ஒண்ணக்கூட வெளிய அனுப்ப மாட்டேன். எனக்காக நீ உன் பூனைய அனுப்புறதயும் ஒத்துக்க மாட்டேன். மூணும் ஒரே வீட்ல இருந்தா நாம ஒரே வீடு. இல்லேன்னா ரெண்டு வீடு. அழப்படாது."

"யார் அழறா?" என்றான் லைல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

[* அறுபத்தொரு வயதுக்காரரை 'அவன்' என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் இந்த ஊரில் போதகரும் 'நீ', பால் வண்டிக்காரரும் 'நீ'. இங்கே குடியேறிய இருபத்திரண்டு வருடமாக நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். கதையில் மட்டும் மரியாதை கூட்டினால் லைல் யாரோ என்று நினைத்துக்கொள்வான்.]

3

கால்நடை ஆஸ்பத்திரி நர்ஸ் கொடுத்த தாள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. புதுப் பூனையைத் தனி அறையில் வை. ஒரு பூனையின் கன்னத்தில் பழைய காலுறையைத் தேய்த்து இன்னொன்றின் படுக்கையில் போடு. விரிப்புகளை மாற்றி மாற்றிப் போடு. கதவின் இரு பக்கமும் சாப்பாடு வை. முகம் பார்ப்பதற்கு முன் வாசனை பழகட்டும். அவசரப்படாதே.

இதைப் படித்தபோது எனக்குக் கல்யாண ஓலை நினைவுக்கு வந்தது. எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்ல யாராவது உண்டா? மூன்று வாரமும் யாரும் வாய் திறக்காவிட்டால் மேளம். பூனைகளுக்கும் அதேதான். காலுறைதான் ஓலை. வித்தியாசம் ஒன்றே ஒன்று: இங்கே தடை சொல்ல ஓர் ஆள் தயாராக இருந்தது.

கதவுக்கு இந்தப் பக்கம் கிரேவி தன் கிண்ணத்தில் முகத்தைப் புதைத்துவிடும். அந்தப் பக்கம் யார் இருந்தால் அதற்கென்ன? மட்டன் அப்படியில்லை. கதவின் அடியில் மூக்கை வைக்கும். இழுக்கும். பிறகு, இத்தனை வருடம் உன் சோற்றைத் தின்றதற்கு இதுவா கூலி என்பது மாதிரி நெரிடாவைத் திரும்பிப் பார்க்கும்.

டீசல் புது இடத்தில் தனியாக இருந்தால் ஊரையே கூட்டியது. அதனால் லைலும் அந்தச் சின்ன அறையிலேயே படுத்தான். பூனை வெளிக்கிருக்கும் மண் தட்டுக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவில் ஒரு மடக்குக் கட்டில். கல்யாணத்துக்கு முன்பே ஒரே வீட்டிலா என்று ஊர் கொஞ்சம் முணுமுணுத்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார்.

"என்ன லைல், குடி போயிட்டியாமே?"

"நான் போகல. பூனைதான் போயிருக்கு. நான் அதுக்குத் துணை."

"நெரிடா என்ன சொல்றா?"

"சத்தமில்லாம சாப்பிடச் சொல்றா. என்னைய இல்ல, பூனைய."

இரண்டாவது வாரம் கதவு ஒரு விரல் திறந்தது. எவ்வளவு திறக்கலாம் என்று நெரிடா கதவடியில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள். அப்புறம் இரண்டு விரல். பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை நான்கு விரல். அந்த இடைவெளியில் ஒற்றைக் கண் ஒன்று தெரிந்தது. மட்டன் அதைப் பார்த்தது. சீறவில்லை. குனிந்து ஒரு வாய் தின்றது.

லைல் கதவுக்குப் பின்னால் தரையில் முழங்காலிட்டிருந்தான். நெரிடா கதவுக்கு முன்னால் முழங்காலிட்டிருந்தாள். இடைவெளி வழியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாத்தியா?" என்றாள் அவள், உதடு மட்டும் அசைய.

"பாத்தேன். எந்திரிக்க முடியல, முட்டி பிடிச்சுக்கிச்சு. கதவத் திறக்காத."

4

இங்கே ஒரு சந்தேகம். மட்டனை நான் வில்லனாக்குகிறேனோ? முதல் பிரதியில் அதற்கு 'கொடூரமான மஞ்சள் கண்கள்' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அதன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன்? ஏழு வருடம் குடியிருந்த வீடு. ஒரு நாள் திடீரென்று ஓர் அறை பூட்டிக்கொள்கிறது, உள்ளேயிருந்து அந்நிய வாசனை வருகிறது. காரணம் யாரும் சொல்வதில்லை. நானும்தான் சீறுவேன்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். எத்தனை நாள்தான் தள்ளிப்போடுவது?

பத்து நாள் மழைக்குப் பின் அன்று வெயில் அடித்தது. காற்றும் இருந்தது. இந்தக் கடற்கரையில் ஆகஸ்ட் என்றால் குளிர்காலம்; அப்படி ஒரு நாள் வந்தால், அதைத் துணி காயப் போடாமல் வீணடிப்பது பாவம். எட்டு மணிக்கெல்லாம் தெரு முழுக்க ஒவ்வொரு கொல்லையிலும், குடை மாதிரி விரியும் துணிக்கொடிகள் சுழலத் தொடங்கிவிட்டன. படுக்கை விரிப்புகள் கப்பல் பாய் போல உப்பின. "நல்லா காயுற நாள்!" என்று வேலிக்கு வேலி கத்திக்கொண்டார்கள். இந்த ஊரில் அதைவிடச் சந்தோஷமான வாழ்த்து கிடையாது.

நெரிடா கடைக்குப் போயிருந்தாள். லைலுக்கு அன்று விடுமுறை. அவனுடைய அம்மா சின்ன வயதிலேயே ஒன்றைச் சொல்லி வளர்த்திருந்தாள்: இன்னொருத்தர் வீட்டில் தங்கினால், வந்தபோது இருந்ததைவிடச் சுத்தமாக விட்டுப் போ. இரண்டு வாரமாக ஓசிச் சாப்பாடு, ஓசிக் கட்டில். கைம்மாறாக எதுவும் செய்யவில்லையே என்ற உறுத்தல் அவனுக்கு இருந்தது. வெயிலைப் பார்த்தான். சோபாவின் மேல் பூனை முடி அப்பிய கம்பளிகளைப் பார்த்தான்.

கம்பளிகள், மெத்தை உறைகள், பூனைப் படுக்கைகள், அந்தக் காலுறைகள்கூட. ஒன்று விடாமல் அள்ளி இயந்திரத்தில் போட்டான். கடையில் வாங்கிய யூகலிப்டஸ் சோப்புத் திரவத்தை இரண்டு மூடி ஊற்றினான். கம்பளிக்கென்றே இந்த ஊரில் எல்லா வீட்டிலும் இருப்பது அது. மூடியைத் திறந்தாலே காட்டுக்குள் நிற்பது போல் இருக்கும். உற்சாகம் தாங்காமல், கதவின் அடிப்பக்கத்தையும் தரையையும் அதாலேயே துடைத்துவிட்டான். பென்சில் கோடுகள் அழிந்தன.

கொடியில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, இடுப்பில் கைவைத்துப் பார்த்தபோது அவன் சீட்டியடித்தான். பதினைந்து நாளில் அவன் அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

5

மூன்று மணிக்குள் எல்லாம் காய்ந்துவிட்டது. கம்பளியைச் சோபாவில் விரித்ததும் கிரேவி ஏறிப் புரண்டது. இறங்கி, வழக்கம்போல் தம்பி மட்டனின் முகத்தை நக்கப் போனது.

மட்டன் முகர்ந்தது. தெரியாத ஆள்.

அதற்குப் பிறகு நடந்ததை லைலால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. ஒரு வெள்ளையும் ஒரு பழுப்பும் உருண்டையாகச் சுருண்டு மேசைக்கு அடியில் போயின. ஏழு வருடம் ஒரே தட்டில் தின்ற அண்ணனின் காதை மட்டன் கடித்துவிட்டது. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து டீசல் அலறியது. நாலு விரல் இடைவெளியை நோக்கி மட்டன் பாய்ந்தது. லைல் கதவைச் சாத்தி, முதுகை அதில் முட்டுக் கொடுத்து, தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நெரிடா தொத்திறைச்சிப் பொட்டலத்தோடு வந்தபோது அவன் அப்படியேதான் இருந்தான்.

அவள் மூக்கைச் சுருக்கி முகர்ந்தாள். சோபாவைப் பார்த்தாள். கிரேவியின் காதைப் பார்த்தாள். பென்சில் கோடு இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"துவைச்சியா?"

"துவைச்சேன்."

"எல்லாத்தையும்?"

"வெயில் அடிச்சுது நெரிடா."

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, கிரேவியை மடியில் எடுத்துக்கொண்டு வெந்நீரும் பஞ்சுமாக உட்கார்ந்தாள். லைல் எழுந்து, டீசலைக் கூடையில் வைக்கப் போனான்.

"எங்க போற?"

"குயின்ஸ்டவுன்காரனுக்குப் போன் பண்ணிடுறேன். பன்னெண்டு நாள்தான் இருக்கு. முதல்லேர்ந்து ஆரம்பிக்க…"

"உக்காரு."

"நான் நல்லதுன்னு நெனச்சுத்தான்…"

"தெரியும்யா. அதான் திட்டக்கூட முடியல. உக்காரு."

6

ஐந்தாம் பகுதியை எழுதி முடித்துவிட்டு நாலு நாள் சும்மா இருந்தேன்.

சிறு நன்மைகளின் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. ஒரு தட்டுப் பலகாரம், நோயாளி வீட்டு வாசலில் ஒரு பாத்திரம் ரசம், மழையில் நனைபவருக்கு ஒரு குடை. பெரிய காரியம் செய்ய எனக்குத் திராணியில்லை, ஆண்டவர் சின்னதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து வாழ்கிறவன். இந்தக் கதையிலோ, சின்ன நன்மைதான் வீட்டை உடைத்தது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

இல்லை. உண்மை அதுவல்ல. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

நாலாம் பகுதியில் 'கடையில் வாங்கிய யூகலிப்டஸ் சோப்புத் திரவம்' என்று எழுதியிருக்கிறேன். மூன்று பிரதிகளிலும் அப்படியே எழுதினேன். பொய். அன்று காலை லைல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டான்: "தேவ், துணி துவைக்கிற சோப்பு இருக்கா? இங்க தீந்துபோச்சு." நான் ஓடிப்போய் என் வீட்டுப் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தேன். பூனைகளின் ஓலை விவகாரம் முழுக்க எனக்குத் தெரியும். ஃப்ரிட்ஜில் இருந்த தாளை நான் படித்திருக்கிறேன். என்ன துவைக்கப் போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நல்லா காயுற நாள்!" என்று மட்டும் சொன்னேன். கொடுத்த சந்தோஷம் எனக்குப் பெரிதாக இருந்தது.

சண்டை நடந்த மறுநாள் ஆராதனையில் என்னால் ஜெபிக்கக் கண்ணை மூட முடியவில்லை. மாலையில் வேலியருகே போய் நின்றேன். நெரிடா விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நெரிடா, ஒண்ணு சொல்லணும். அந்தச் சோப்பு…"

"உன்னோடது."

"லைல் சொன்னானா?"

"அவன் எங்க சொன்னான்! கடையில வாங்குனேன்னு சாதிக்கிறான், உன்னைய மாட்டிவிடக் கூடாதாம்." உள்ளே போய்ப் பாட்டிலைக் கொண்டுவந்தாள். அதன் மேல் வெள்ளை நாடாவில், என் மனைவியின் கையெழுத்தில், தேவசகாயம் என்று எங்கள் பெயர்.* "சோப்புப் பாட்டில்லகூட பேர் ஒட்டி வச்சிட்டுத் தப்புப் பண்றவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்."

"நேத்தே தெரியுமா?"

"வந்த அஞ்சாவது நிமிஷம்."

"ஒண்ணும் சொல்லலியே."

"சொல்லி? நீ ஒரு வாரம் சாப்பிடாம கெடப்ப. உன் பொண்டாட்டி வந்து என்னைய முறைப்பா. இந்தா, புடி. விறகு நாலு தூக்கிக் குடு."

நான் விறகு தூக்கிக் கொடுத்தேன். ஆகவே என் நம்பிக்கையை நான் மாற்றிக்கொள்ளவில்லை. கொஞ்சம் திருத்திக்கொண்டேன். கொடுப்பது சிறு நன்மை. கொடுக்கும்முன் ஒரு வார்த்தை கேட்பதும் நன்மை. தெரிந்தும் சொல்லாமல் விறகு கேட்பது எல்லாவற்றிலும் பெரிய சிறு நன்மை.

[* சர்ச் விருந்துக்குக் கொண்டுபோகும் தட்டு தவறிப்போகாமல் இருக்க எல்லாரும் அடியில் நாடா ஒட்டிப் பேர் எழுதுவார்கள். என் மனைவிக்கு அந்தப் பழக்கம் வீட்டுச் சாமான் முழுவதற்கும் பரவிவிட்டது.]

7

இனி வழி என்ன? முந்தைய பிரதியில் அந்த யோசனையை லைலுக்குக் கொடுத்திருந்தேன். தப்புச் செய்தவனே சரிசெய்தால் வாசகருக்கு இதமாக இருக்கும். ஆனால் யோசனை நெரிடாவுடையது. அவள் வாசகரின் இதத்துக்காக வாழ்கிறவள் அல்ல.

அந்த ஞாயிறு, விறகை அடுக்கி முடித்தவள் வாசல் கொக்கியில் தொங்கிய ஸ்வெட்டரைப் பார்த்தாள். சாம்பல் நிறம், முழுக்கை, தடித்த கம்பளி. கறிக்கடையின் குளிர் அறைக்குள் போகும்போதெல்லாம் அணிவது. குளிர்காலம் முழுக்கத் துவைக்க மாட்டாள். ஆட்டுக் கொழுப்பு வாசனையும் அவள் வாசனையும் ஊறிப்போயிருக்கும். அவள் வேலை முடிந்து வந்தால் கிரேவியும் மட்டனும் முதலில் அதைத்தான் கட்டிப்பிடிக்கும். வீட்டில் லைல் கைபடாமல் தப்பித்த துணி அது ஒன்றுதான். முந்தின நாள் அவள் அதை உடம்பில் போட்டுக்கொண்டு கடைக்குப் போயிருந்தாள்.

"லைல், என் கத்திய எடு. எலும்புலேர்ந்து கறி பிரிக்கிற சின்னக் கத்தி."

"எதுக்கு?"

"எடுய்யான்னா."

மேசையில் ஸ்வெட்டரை விரித்தாள். ஆட்டுத் தொடையைப் பிரிக்கிற அதே நிதானத்தோடு தோள்பட்டையில் கத்தியை வைத்தாள். வலது கை ஒரு துண்டு. இடது கை ஒரு துண்டு. உடம்பு ஒரு துண்டு.

"அய்யய்யோ, அது உன் அக்கா பின்னிக் குடுத்ததுல்ல?" என்றான் லைல்.

"அவ இன்னும் உயிரோடதான் இருக்கா. இன்னொண்ணு பின்னுவா. இத உன் டீசலுக்குப் போடு. தேய்ச்சு விடு, நல்லா, கன்னத்துல."

உடம்புத் துண்டு கிரேவிக்கு. வலது கை டீசலுக்கு. இடது கை மட்டனுக்கு. மூன்றும் அதில் முகம் புதைத்துப் படுத்தன. மறுநாள் துண்டுகளை மாற்றிப் போட்டாள். அதற்கு மறுநாள் மறுபடியும். எந்தத் துண்டில் யார் வாசனை என்று பிரிக்க முடியாதபடி ஆட்டுக் கொழுப்பு எல்லாவற்றையும் சேர்த்து வைத்தது. புதன்கிழமை கிரேவி மட்டனின் முகத்தை நக்கியது. மட்டன் கண்ணை மூடிக்கொண்டது. லைல் கொல்லைக்குப் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தான்.

கதவில் புதிய பென்சில் கோடுகள் வந்தன.

8

முப்பத்தொன்றாம் தேதி, வியாழன். அன்று மாலை ஐந்து மணிக்குள் லைல் குயின்ஸ்டவுன்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். அன்று அவனுக்கு மலைப்பக்கத்துப் பண்ணைகளில் பால் எடுக்கும் முறை. வண்டி ஓட்டும்போது போனைத் தொடுகிறவன் அல்ல அவன். பண்ணைகளில் சிக்னலும் கிடையாது. ஆனால் மூன்றரைக்குத் திரும்பும்போது மேலே நெடுஞ்சாலை வளைவு ஒன்று வரும். அங்கிருந்து பார்த்தால் எங்கள் கொல்லைகளும் கொடிகளும் வரிசையாகத் தெரியும்.

காலையில் கிளம்பும்போது பேசிக்கொண்டார்கள்.

"கதவ முழுசாத் திறந்து விடுறேன்," என்றாள் நெரிடா. "ஒரு மணி நேரம். ரத்தம் வரலேன்னா மூணு துண்டையும் கொடியில மாட்டுறேன். வந்துச்சுன்னா ரெண்டுதான். நீ பாட்டுக்குப் போயிட்டே இரு, பால் இறக்குற எடத்துலேர்ந்து குயின்ஸ்டவுன்காரனுக்குப் போன் போட்டுடு."

"மூணு பாத்தேன்னு வச்சுக்க, வளைவுலேர்ந்து பாலம் வரைக்கும் ஹாரன்ல வச்ச கைய எடுக்க மாட்டேன்."

"போலீஸ் புடிப்பான்."

"புடிக்கட்டும். கல்யாணத்துக்குக் கூப்பிட்டுடலாம்."

இரண்டரை மணிக்கு அவள் கதவைத் திறந்தாள். என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தாள். "வேலிக்கு அந்தப் பக்கமே நில்லு. உள்ள வராத. எதையும் குடுக்காத," என்ற உத்தரவோடு. ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது.

இந்த இடத்தில் எனக்குக் கை பரபரக்கிறது. ஒரு முடிவு இப்படி எழுதி வைத்தேன்: மட்டன் நடந்து போய் டீசலின் நெற்றியில் முத்தமிட்டது. [நெரிடா சொன்னது சரி. நானே நம்பவில்லை.] இன்னொன்று: மட்டன் பாய்ந்தது, இரண்டு துண்டு மாட்டினாள், டேங்கர் சத்தமில்லாமல் போயிற்று. [துக்கமாக முடித்தால் இலக்கியம் என்பார்கள். நடக்காத துக்கத்தை எழுதுவதும் பொய்தான். ஒரு பொய் போதும்.]

நடந்தது இது. டீசல் வாசலைத் தாண்டி வந்தது. மட்டன் ஒரு முறை சீறியது, வழக்கத்தை விடக்கூடாது என்பது போல. டீசல் உட்கார்ந்தது. மட்டன் அதைச் சுற்றிக்கொண்டு நேராகச் சின்ன அறைக்குள் போய், டீசலின் கிண்ணத்தில் இருந்ததை ஒட்டத் தின்றது. டீசல் மெல்லப் போய் மட்டனின் கிண்ணத்தைக் காலி செய்தது. கிரேவி இரண்டிலும் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கணப்புக்கு முன்னால் மல்லாந்தது. கொஞ்ச நேரத்தில் டீசல் கணப்பருகே கிடந்த இடது கைத் துண்டில் ஏறிப் படுத்தது. அது அன்று மட்டனின் முறை. மட்டன் வந்தது. பார்த்தது. நெரிடா பக்கத்தில் சாத்தியிருந்த விளக்குமாற்றைக் கையில் எடுத்தாள்.

மட்டன் அதே துண்டின் மறுபாதியில் ஏறி, முதுகை முதுகோடு ஒட்டி, படுத்துவிட்டது.

மூன்று இருபத்தாறு. நெரிடா இரண்டு துண்டை அள்ளிக்கொண்டு கொல்லைக்கு ஓடிவந்தாள். காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. வெயில். நல்லா காயுற நாள்.

"தேவ்! கிளிப்பு!"

"குடுக்கலாமா?"

"அட குடுய்யா!"

கொடுத்தேன். உடம்புத் துண்டை மாட்டினாள். வலது கையை மாட்டினாள். அப்புறம் அப்படியே நின்றுவிட்டாள்.

"மூணாவது?" என்றேன்.

"அதுங்க அடியில இருக்கு."

"உருவிடேன்."

"எப்படிய்யா உருவ? ரெண்டும் ஒண்ணா தூங்குது!" சிரித்தாள், அழுதாள், எது என்று எனக்குத் தெரியவில்லை. "நாலு வாரமா இதுக்குத்தானே தவம் கெடந்தேன். எழுப்பச் சொல்றியா?"

மலைமேல் டேங்கர் கியர் மாற்றும் சத்தம் கேட்டது. கொடியில் இரண்டே இரண்டு. இரண்டு என்றால் குயின்ஸ்டவுன்.

நான் முடிவைத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன். கிளிப்பைத் தவிர எதையும் கொடுக்காதே என்ற உத்தரவும் இருக்கிறது. வேலியோரம் நின்று இதைப் படிக்கிற நீங்கள்தான் மிச்சம். வளைவிலிருந்து பார்க்கிறவனுக்கு எண்ணிக்கைதான் தெரியும், அது எந்தத் துணி என்று தெரியாது. உங்கள் மேல் இருப்பதில் ஒன்றைக் கழற்றிக் கொடுங்கள். ஒரு துண்டு, ஒரு கைக்குட்டை, எதுவானாலும் சரி. துவைத்ததா துவைக்காததா என்று யாரும் பார்க்கப் போவதில்லை.

கிளிப்பு இதோ. வண்டி திரும்புகிறது.